தங்கள் வண்டியின் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றியது குறித்து

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய சம்பந்தி அவர்களுக்கு,

தங்கள் மருமகளின் தகப்பன் தலை குனிந்து எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவியும், மாப்பிள்ளையும் பெண்ணும் சுகம். அங்கே நீங்களும் சம்பந்தி அம்மாவும், பிள்ளை பெற்ற உங்கள் மூத்த பெண்ணும், பச்சைக் குழந்தையும் சுகம் என்பதை ஞாயிறுதோறும் போனில் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் வருகிறேன். ஆகவே நலம் விசாரிக்க வேண்டியதில் பாக்கி இருப்பது தங்கள் கார் ஒன்றுதான். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். உங்களை அழைத்துவர விமான நிலையத்துக்குப் புறப்படும் மாப்பிள்ளையின் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அங்கிருந்து என் வீட்டு வாசலுக்கு ஒரு மணி நேரம் ஆகும். படித்து முடிக்க, கோபம் வர, வந்த கோபம் பாதியாவது ஆற, அந்த ஒரு மணி நேரம் போதும் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். ஓடுகிற காரில் படித்தால் உங்களுக்குத் தலை சுற்றும், சம்பந்தி அம்மாதான் வாசித்துக் காட்டுவார்கள். அம்மா, மாப்பிள்ளை காதில் விழாதபடி கொஞ்சம் தணிந்த குரலில் வாசித்தால் புண்ணியமாகப் போகும்.

விஷயத்துக்கு வருகிறேன். வருகிறேன் என்று எழுதிவிட்டு இரண்டு தடவை எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். ஐந்து மாதத்துக்கு முன்னால் என் வீட்டுக் கொட்டகையில் உங்கள் பச்சைக் காரை நிறுத்திவிட்டுச் சாவியைக் கையில் கொடுக்கும்போது நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. "வாரத்துக்கு ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி, பத்து நிமிஷம் ஓட விடுங்க சம்பந்தி. வேற எதுவும் பண்ண வேணாம்" என்றீர்கள். 'வேற எதுவும் பண்ண வேணாம்' என்பதை மட்டும் இரண்டு தடவை சொன்னீர்கள். இரண்டாவது தடவை என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னீர்கள். அப்புறம் முழங்கால் விஷயத்தையும் என்னிடம் மட்டும் சொன்னீர்கள். ஊர் திரும்பின பன்னிரண்டாம் நாள் இடது முழங்காலில் ஆபரேஷன், அதற்குப் பிறகு இந்தக் காரின் கிளட்சை மிதிக்கவோ இவ்வளவு தாழ்வான சீட்டில் உட்கார்ந்து எழுந்திருக்கவோ முடியாது என்று டாக்டர் தீர்மானமாகச் சொல்லிவிட்டார் என்றும், அதற்கு முன்னால் கல்யாணமான புதிதில் போன மாதிரி சம்பந்தி அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு மலைப்பாதையில் உச்சிவரைக்கும் ஒரு தடவை ஏறி இறங்கிவிட்டால் போதும், அதோடு சாவியை ஆணியில் மாட்டிவிடுவேன் என்றும் சொன்னீர்கள். இதையெல்லாம் காதாரக் கேட்டுக்கொண்டுதான் நான் பண்ணினேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

நம் இரண்டு கார்களும் ஒரே கம்பெனி, ஒரே மாதிரி இரண்டு சீட்டு, ஒரே மடக்குக் கூரை. என்னுடைய மஞ்சள் மூத்தது, உங்கள் பச்சை நாலு வருஷம் இளையது. பழைய கார் சங்கத்துக் கூட்டத்தில் இந்த இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றதால்தானே, கூரையை மடக்கத் தெரியாமல் திண்டாடிய என் பெண்ணுக்கு உங்கள் பையன் ஓடிவந்து மடக்கிக் கொடுத்து, நாம் சம்பந்தி ஆனது. ஆனால் உங்கள் கார் எப்போதும் ஓடுகிற கார். என்னுடையது எப்போதும் ஓடப் போகிற கார். சங்கத்து அணிவகுப்பில் மூன்று வருஷமாக உங்கள் பச்சை முன்னால் ஜம்மென்று போக, என் மஞ்சளை நாலு பேர் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வருவார்கள். மேடைக்கு எதிரே வரும்போது ஜனங்கள் இரக்கப்பட்டு எனக்குத்தான் அதிகமாகக் கை தட்டுவார்கள். நீங்கள்கூடத் தட்டினீர்கள், பார்த்தேன். இந்த வருஷம் ஒரே ஒரு தடவையாவது யாரும் தள்ளாமல் மேடையைத் தாண்டிவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. அந்த ஆசையில்தான் மண் விழுந்தது. நீங்கள் போன ஆறாவது வாரம், அணிவகுப்புக்கு இன்னும் இருபது நாள் இருக்கையில், மேம்பாலத்தின் மேல் என் கார் கொதித்தது. சூடு காட்டும் ஊசி சிவப்புக் கோட்டைத் தாண்டினதைப் பார்த்தேன். வீடு பக்கத்தில்தானே இருக்கிறது, போய்விடலாம் என்று ஓட்டினேன். வீட்டுக்கு வந்து ஆயில் குச்சியை உருவிப் பார்த்தால் ஆயில் தண்ணீர் கலந்து, பால் விட்ட காபி நிறத்தில் இருக்கிறது. ஹெட்டைக் கழற்றி, இருபது வருஷமாக உங்கள் காருக்கு வேலை செய்கிறாரே, அந்த லேத் பட்டறைக்காரரிடமே கொண்டுபோனேன். அவர் அதைக் கவிழ்த்துப் போட்டு, ஏதோ சிவப்பு மையைத் தடவித் துடைத்து, இரண்டு வால்வுகளுக்கு நடுவே மயிரிழை மாதிரி ஒரு விரிசலைக் காட்டினார். "வெல்டிங் பண்ணலாம் சார். ஆனா ரெண்டு மாசம் ஆகும். இங்க வேலை குவிஞ்சு கெடக்கு" என்றார்.

சம்பந்தி அம்மா இந்த இடத்தில் 'ஹெட்னா என்னங்க' என்று கேட்பார்கள். என் மனைவியும் கேட்டாள். அவளுக்குச் சொன்னதையே எழுதிவிடுகிறேன். இன்ஜினின் கீழ்ப்பாதி பிளாக், அதற்குள்ளேதான் பிஸ்டன்கள் ஏறி இறங்குகின்றன. மேல்பாதி ஹெட். மூடி மாதிரி மேலே உட்கார்ந்திருக்கும், வால்வுகள் எல்லாம் அதில்தான் இருக்கும். பத்து நட்டு போட்டு இறுக்கியிருப்பார்கள். மூடி இல்லாத பாத்திரத்தை அடுப்பில் வைக்கலாம், மூடி இல்லாத இன்ஜினை ஒன்றும் பண்ண முடியாது.

அப்படி மூடி இல்லாத என் மஞ்சளுக்கு முன்னால் கொட்டகையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தபோதுதான் சர்ஜன் வந்தான். அவன் ஒரு மெக்கானிக். சொந்தப் பட்டறை கிடையாது, டாக்டர் மாதிரி கையில் கறுப்புப் பை வைத்துக்கொண்டு, ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய் வேலை பார்ப்பவன் என்பதால் அப்படி ஒரு பட்டப்பெயர். நிஜப் பெயர் எனக்குத் தெரியாது. தெருவில் போய்க்கொண்டிருந்தவன் திறந்திருந்த கதவைப் பார்த்து நின்றான்.

"என்ன சார், தலை இல்லாம நிக்குது?"

"விரிசல் விட்டுடுச்சு."

"பக்கத்துல ஒண்ணு சும்மாதானே நிக்குது?"

"அது சம்பந்தியோடதுப்பா."

"சம்பந்தின்னா சொந்தம்தானே சார். பொண்ணையே குடுத்திருக்கீங்க, பதிலுக்கு ஒரு ஹெட்டை இருபது நாளைக்கு வாங்கிக்கக் கூடாதா?"

"அவர் ஊர்ல இல்லை."

"அப்போ இன்னும் வசதி. அவர் வர்றதுக்குள்ள திருப்பி மாட்டிடலாம். மொத்தமே பத்து நட்டு. அவருக்கு என்ன தெரியப் போகுது?"

நான் கூடாது என்றுதான் சொன்னேன் சம்பந்தி. சொன்னேன், ஆனால் சொல்லிக்கொண்டே எழுந்து போய் உங்கள் காரின் மேல் போட்டிருந்த துணியை விலக்கினேன். அதுதான் என் பங்குத் தப்பு. அதற்குமேல் நடந்த எல்லாவற்றிலும் யோசனை அவனுடையது, தைரியம் அவனுடையது, வேலையும் அவனுடையது. நான் விளக்குப் பிடித்தேன், நட்டுகளை வாங்கி வைத்தேன். இடம் கொடுத்த குற்றம் என்னுடையது, அதை மறைக்கவில்லை. ஆனால் ஆளைப் பார்த்தால் விடாதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்து எழுதப் போவதுதான் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஞாயிறுதோறும் நீங்கள் போன் பண்ணி, "வண்டி சத்தத்தைக் கொஞ்சம் கேக்கலாமா" என்பீர்களே. ஹெட்டைக் கழற்றிவிட்டால் சத்தத்துக்கு எங்கே போவது? அதற்கும் சர்ஜனே வழி சொன்னான். கழற்றுவதற்கு முன்னால் உங்கள் காரைப் பத்து நிமிஷம் ஓடவிட்டு, என் மனைவியின் போனில் பதிவு பண்ணி வைத்துக்கொண்டோம். அதற்குப் பிறகு நீங்கள் கேட்டது எல்லாம் அதே பத்து நிமிஷம்தான். பதினான்கு ஞாயிறு. முதல் தடவையே நீங்கள் கவனமாகக் கேட்டுவிட்டு, "மூணாவது டேப்பட் லேசா தட்டுது சம்பந்தி. நீங்க தொடாதீங்க, நான் வந்து பாத்துக்கறேன்" என்றீர்கள். வால்வை அழுத்தித் திறக்கிற அந்த டேப்பட் அப்போது என் சாப்பாட்டு மேஜைக்கு அடியில் ஒரு பழைய துண்டில் சுற்றி இருந்தது. இன்னொன்று. பதிவில் ஒன்பதாவது நிமிஷத்தில் என் மனைவி உள்ளேயிருந்து, "காபி ஆறிப்போகுது, வர்றீங்களா இல்லையா" என்று கூப்பிடுவது விழுந்துவிட்டது. எனக்கு அழிக்கத் தெரியவில்லை. நாலைந்து வாரம் கழித்து நீங்கள், "உங்க வீட்டு ஒழுங்கே ஒழுங்கு சம்பந்தி. ஞாயித்துக்கிழமை ஆனா டாண்ணு ஒன்பதாவது நிமிஷம் காபி" என்று சொன்னதோடு நிற்காமல், பக்கத்தில் இருந்த சம்பந்தி அம்மாவைப் பார்த்து, "கத்துக்கோ" என்றும் சொன்னீர்கள். அம்மா, அதற்கும் சேர்த்து என்னை மன்னித்துவிடுங்கள். இந்த வீட்டில் காபிக்கு நேரம் காலமே கிடையாது.

ஹெட்டை என் பிளாக்கின் மேல் வைத்துப் பார்த்தால் பத்து ஓட்டையும் பத்து ஸ்டட் கம்பிகளும் அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்தன. ஆனால் சர்ஜனுக்கு ஒரு சந்தேகம் வந்தது. "இது நாலு வருஷம் பின்னால வந்த ஹெட்டு சார். வால்வு பெரிசு. தொறக்கறப்போ கீழ பிளாக்குல இடிக்குமான்னு பாக்கணும். களிமண் இருக்கா?" என்று கேட்டான். உங்களுக்குத் தெரிந்த முறைதான். பிளாக்கின் விளிம்பிலும் பிஸ்டன் மேலேயும் களிமண்ணை அப்பி, ஹெட்டை மூடி இறுக்கி, இன்ஜினைக் கையால் இரண்டு சுற்று சுற்றினால் வால்வு இறங்கி வந்து களிமண்ணை அழுத்தும். பிறகு திறந்து, அழுந்தின இடத்தில் மிச்சம் இருக்கிற தடிமனை அளந்தால் அதுதான் வால்வுக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கிற இடைவெளி. வீட்டில் களிமண்ணுக்கு எங்கே போவேன்? சமையலறையில் என் மனைவி ரொட்டி சுடுவதற்காக ஒரு பாத்திரத்தில் மாவு பிசைந்து, ஈரத்துணி போட்டு மூடி வைத்துவிட்டுக் கடைக்குப் போயிருந்தாள். "அளவுக்கு மாவும் ஒண்ணுதான், மண்ணும் ஒண்ணுதான் சார்" என்றான் சர்ஜன். அதில் பாதியைக் கிள்ளி எடுத்து, ஒட்டாமல் இருக்க எண்ணெய் தொட்டு அப்பி, ஹெட்டை இறுக்கி, இரண்டு சுற்று சுற்றினோம். எங்கேயும் தட்டவில்லை. திறந்து அளக்கலாம் என்று ஸ்பேனரை எடுக்கவும் வாசல் கேட் சத்தம் கேட்கவும் சரியாக இருந்தது. என் மனைவி வந்துவிட்டாள். சர்ஜன் பின்பக்கமாகப் போய்விட்டான். நான் காரின் மேல் துணியைப் போர்த்திவிட்டுப் பேப்பர் படிப்பவன் மாதிரி உட்கார்ந்துகொண்டேன்.

மறுநாள் காலை அவள் வெளியே போன பிறகுதான் திறந்தோம். கொட்டகையில் வெயில் ஏறி நல்ல புழுக்கம். மாவு கொழுகொழுவென்று இருந்தது. வால்வு பட்ட தடம் மேலாக லேசாகத் தெரிந்தது. வெர்னியர் அளவுகோலை வைத்து அளந்தேன். நாலு புள்ளி இரண்டு மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டர் இருந்தாலே போதும் என்பார்கள், இங்கே நாலுக்கு மேல் இருக்கிறது. சம்பந்தி, முப்பத்து நாலு வருஷம் எடை அளவு ஆய்வாளராக உத்தியோகம் பார்த்தவன் நான். இந்த ஊரில் நான் முத்திரை குத்தாத தராசு கிடையாது. அரை கிராம் குறைந்ததற்காக ஒரு மளிகைக்கடைக்காரரை நடுத்தெருவில் நிற்க வைத்து அழ வைத்திருக்கிறேன். அப்பேர்ப்பட்டவன் வெர்னியரைத் துடைத்துத் துடைத்து மூன்று தடவை அளந்தேன். மூன்று தடவையும் நாலு புள்ளி இரண்டுதான். அளந்ததில் தப்பே இல்லை. எனக்கு அன்றைக்கு இருந்த பெருமையை இப்போது நினைத்தால் சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

கார் ஓடியது. அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. உங்கள் ஹெட் என் இன்ஜின் மேல் உட்கார்ந்ததும் அந்த மஞ்சள் இருபது வயது குறைந்துவிட்டது. அணிவகுப்பு அன்று வரிசையில் நான் ஏழாவது. யாரும் தள்ளவில்லை. என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், கல்யாணத்தன்று இருந்த அதே முகத்தோடு. மேடைக்கு முன்னால் வந்ததும் மைக்கில் ஒருவர், "நம்ம மஞ்சள் வண்டி நண்பர் இந்த வருஷம் தானாவே வந்திருக்கார், எல்லாரும் ஒரு கை தட்டுங்க" என்றார். தட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. வண்டியை நிறுத்தாமல் போயிருக்க வேண்டியதுதானே? இல்லை, சத்தம் காட்ட வேண்டும் என்று தோன்றியது. கிளட்சை மிதித்துக்கொண்டு ஆக்சிலரேட்டரைத் தரையோடு தரையாக அழுத்தினேன். முதலில் ஒரு நல்ல உறுமல். அப்புறம் டக் டக் என்று ஒரு சத்தம். அப்புறம் பாத்திரக்கடையில் அலமாரி சாய்ந்த மாதிரி ஒரு சத்தம். அதோடு சரி. மைக்கை மூட மறந்த அந்த மனிதர், "அதானே பாத்தேன்" என்று சொன்னது மைதானம் முழுக்கக் கேட்டது. பேண்டு வாத்தியக்காரர்களில் நாலு பேர் வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டு வந்து தள்ளினார்கள். போன வருஷத்தைவிட அதிகமாகக் கை தட்டல் கிடைத்தது.

அன்றைக்கே சர்ஜன் போனை அணைத்துவிட்டான். இன்றுவரை ஆளைக் காணோம். மறுநாள் லேத்காரரைக் கூப்பிட்டு வந்தேன். அவர் ஹெட்டைத் தூக்கினார். மூன்றாவது சிலிண்டரில் ஒரு வால்வு உடைந்து உள்ளே விழுந்து, என் பிஸ்டனைச் சல்லடையாக்கி, உங்கள் ஹெட்டின் உட்பக்கத்தைச் சுத்தியலால் அடித்த மாதிரி கொத்தியிருந்தது. மற்ற சிலிண்டர்களில் வால்வுகள் வளைந்திருந்தன. அவர் உங்கள் காரின் பிளாக்கையும் போய்ப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "இங்க பாருங்க சார். இதுல ஒவ்வொரு சிலிண்டர் ஓரத்துலயும் அரை நெலா மாதிரி வெட்டி விட்டிருக்கான். பெரிய வால்வு எறங்கறதுக்கு எடம். உங்க பிளாக்குல அது கெடையாது. இடிக்காம என்ன பண்ணும்?" என்றார். நான் விடவில்லை. "நாலு புள்ளி ரெண்டு மில்லிமீட்டர் எடம் இருந்துச்சு. நான் அளந்தேன்" என்றேன். அவர் என் பிளாக்கின் மேல் குனிந்து முகர்ந்து பார்த்தார். "சார், இதுல ஏன் ரொட்டி வாசனை வருது?" என்று கேட்டு, ஒரு ஸ்டட் கம்பியின் அடியிலிருந்து சிவக்கச் சிவக்க வெந்த ஒரு துண்டைச் சாமணத்தால் எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

காபி கொண்டுவந்த என் மனைவி அதைப் பார்த்தாள்.

"அன்னிக்கு நான் பிசைஞ்சு வெச்ச மாவுல பாதியைக் காணோம்னு தேடினேன். பூனை தின்னுடுச்சுன்னு நெனச்சேன்."

"அளக்கறதுக்கு எடுத்தேன்" என்றேன்.

"எப்ப அளந்தீங்க?"

"மறுநாள்."

"அது ஈஸ்ட் போட்ட மாவுங்க. ராத்திரி பூரா மூடி வெச்சா பொங்கத்தானே செய்யும்?"

நான் அளந்தது இடைவெளியை அல்ல. வால்வு அழுத்திவிட்டுப் போன பிறகு நிதானமாக உப்பி எழுந்த மாவை அளந்திருக்கிறேன், மூன்று தடவை. நிஜமான இடைவெளி நகத்தின் கனம்கூட இருந்திருக்காது என்றார் லேத்காரர். சொல்லிவிட்டு வெளியே போய் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். தோள் குலுங்கினதைப் பார்த்தேன். திரும்பி வந்தபோது முகத்தைத் துடைத்துக்கொண்டு, "யாரு சார் இந்த வேலையைப் பண்ணது?" என்று கேட்டார். என் மனைவி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போயிருந்தாள். நான் சர்ஜனைப் பற்றிச் சொன்னேன். "அந்த ஆளை இனிமே எந்த வண்டிகிட்டயும் விடாதீங்க" என்றார். விடமாட்டேன் என்றேன்.

இப்போதைய நிலவரம் இதுதான். லேத்காரர் இருந்த வேலையை எல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு, உங்கள் பெயருக்காக, உங்கள் ஹெட்டை எடுத்துக்கொண்டார். கொத்துப்பட்ட இடத்தை வெல்டிங் பண்ணிச் சமப்படுத்தி, இரண்டு மாதம் காத்திருந்து வெளிநாட்டிலிருந்து வரவழைத்த புது வால்வு, வால்வு உட்காரும் சீட்டு எல்லாம் போட்டு, முந்தாநாள் தன் கையாலேயே உங்கள் பிளாக்கின் மேல் மாட்டிக் கொடுத்தார். நேற்று ஸ்டார்ட் பண்ணினார். ஓடுகிறது, சத்தமும் சுத்தமாக இருக்கிறது. நீங்கள் பார்க்கவே முடியாத இடத்தில் ஒரு தழும்பு மட்டும் இருக்கிறது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் உங்களுக்கு இந்த ஜென்மத்தில் தெரியாது. மூடிக்கொண்டிருக்கலாம் என்றுகூட நினைத்தேன், எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் நினைத்தேன். முடியாதபடி லேத்காரர் ஒன்று சொல்லிவிட்டார். முதல் ஐந்நூறு கிலோமீட்டருக்குப் பாதி வேகத்துக்கு மேல் போகக் கூடாது, மேடு ஏறவே கூடாது, அது முடிந்ததும் பத்து நட்டையும் மறுபடி ஒரு தடவை இறுக்க வேண்டும், அதற்கு முன்னால் மலை ஏற்றினால் ஹெட் போய்விடும் என்றார். உங்களுக்கு இருப்பது பதினோரு நாள். பத்து நாள் சமதரையில் தினம் ஐம்பது கிலோமீட்டர் ஓட்டினால்தான் பதினோராவது நாள் மலை. ஐம்பது கிலோமீட்டருக்கு எத்தனை தடவை கிளட்சை மிதிக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அந்த முழங்காலோடு உங்களை அதைச் செய்ய வைத்தால் மலைக்கு மிச்சம் இருக்கப்போவது கால் அல்ல, வலிதான்.

ஆகவே ஒன்று கேட்கிறேன். எந்த வாயால் கேட்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. அந்த ஐந்நூறு கிலோமீட்டரை நான் ஓட்டித் தருகிறேன். பொடிநடையாகப் போகிற மாதிரி ஓட்டுகிறேன். பானெட்டைத் திறக்க மாட்டேன். காற்று அடிக்க வேண்டும் என்றால்கூட லேத்காரரைத்தான் கூப்பிடுவேன். கண்ட மெக்கானிக்கை நம்பி மோசம் போனவனின் தப்பாக இதை எடுத்துக்கொண்டு, பழைய நம்பிக்கையில் பாதியாவது மிச்சம் இருந்தால், சாவியை இன்னொரு தடவை என் கையில் கொடுங்கள். அந்த மலைப்பாதையை உங்களுக்கு இல்லாமல் பண்ணிவிட்டேன் என்ற நினைப்போடு நான் அணிவகுப்புக்கு மட்டும் இல்லை, வாசலுக்குக்கூட நிமிர்ந்து வர முடியாது.

மூத்த பெண்ணுக்கும் குழந்தைக்கும் எங்கள் ஆசிகள் நிறைய. குழந்தை நீண்ட ஆயுளோடும், எந்தப் பக்கத்துத் தாத்தாவின் கார் மோகமும் ஒட்டாமலும் வளரட்டும். சம்பந்தி அம்மாவுக்கு என் பணிவான வணக்கம். வாசித்த களைப்புக்கு இங்கே சூடாகக் காபி காத்திருக்கும்.

இப்படிக்கு,
இன்னமும் சொந்தம்தான் என்று நம்பிக்கொண்டிருக்கும்
தங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன்னால் எழுத்துப்பிழை பார்க்கச் சொல்லி என் மனைவியிடம் கொடுத்தேன். முதலிலிருந்து கடைசிவரை படித்தாள். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். "யாருங்க இந்த சர்ஜன்? அஞ்சு மாசமா நானும் இந்த வீட்லதானே இருக்கேன்?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சம்பந்தி, சர்ஜன் என்று யாரும் கிடையாது. கொட்டகைக்கு ஒருவரும் வரவில்லை. மேலே சர்ஜன் சொன்னான் என்று எழுதியிருப்பதெல்லாம் நான் ஸ்டூலில் உட்கார்ந்து எனக்கு நானே சொல்லிக்கொண்டது. கழற்றினது நான், பதிவு பண்ணினது நான், மாவு கிள்ளினது நான். இந்த வேலையைப் பண்ணினது யார் என்று லேத்காரர் கேட்டபோது வாயில் வந்தது 'ஒரு மெக்கானிக்'. உங்களுக்கு எழுத உட்கார்ந்தபோது அவனுக்கு ஒரு பை தேவைப்பட்டது, கையுறை தேவைப்பட்டது, எழுத எழுத ஆள் வளர்ந்துவிட்டான். மன்னிப்புக் கேட்கிற கடிதத்தில்கூட எனக்குத் தனியாக நிற்கத் தைரியம் இல்லாமல் போய்விட்டது.

இப்போதுதான் லேத்காரருக்கும் போன் போட்டு உண்மையைச் சொன்னேன். "தெரியும் சார்" என்றார். "நட்டு எல்லாத்தையும் தனித்தனிக் கவர்ல போட்டு, நம்பர் எழுதி, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டு வெச்சிருந்தீங்களே. எந்த மெக்கானிக் சார் நட்டுக்குக் கையெழுத்துப் போடறான்?" என்றார். அப்போதே ஏன் கேட்கவில்லை என்றேன். "கேட்டேனே சார், நீங்கதான் வேற யாரையோ சொன்னீங்க" என்றார்.

வாசலில் மாப்பிள்ளை ஹாரன் அடிக்கிறார். திருத்தி எழுத நேரமில்லை, அப்படியே அனுப்புகிறேன். சாவி உங்கள் காரிலேயே தொங்குகிறது, நான் வாசலில் நிற்பேன். அதை எடுத்து என் கையில் கொடுப்பதா, உங்கள் பையில் போட்டுக்கொள்வதா என்பதை, கேட்கிறவன் சர்ஜன்தான் என்று தெரிந்துகொண்டு முடிவு பண்ணுங்கள்.